மேட்டில் செலவு, பள்ளத்தில் பலன்: நீர்ப்பிடிப்பைக் காக்க ஊர் கூடுவது எப்படி?

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் குமரி மாவட்டத்து டீக்கடைகளில் "இன்னைக்கு எத்தனை அடி?" என்பதுதான் முதல் பேச்சு. அந்த அடிக்கணக்கு வானத்தை மட்டும் பொறுத்ததல்ல. பெய்த மழையில் எவ்வளவு உடனே ஓடி வரும், எவ்வளவு மண்ணுக்குள் இறங்கி நின்று கசியும், வரும்போது எவ்வளவு சேற்றை இழுத்து வரும் என்பதெல்லாம் அணைக்கு மேலே கிடக்கும் நிலத்தின் கையில் இருக்கிறது. அந்த நிலம்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதைக் காக்க ஊராரிடம் எதைச் சொல்லிக்கொடுப்பது, யாரையெல்லாம் கூட்டுச் சேர்ப்பது, எங்கே சறுக்கும் என்பதைப் புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதியிருக்கிறோம்.

எது நீர்ப்பிடிப்பு?

ஒரு குளத்தின் மடையையோ ஓடைப் பாலத்தையோ ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே விழுகிற மழை வழிந்து கடைசியில் அந்தப் புள்ளிக்கு வந்து சேருமோ, அவ்வளவு நிலமும் அந்தப் புள்ளியின் நீர்ப்பிடிப்பு. ஓட்டு வீட்டின் முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி முற்றத்துக்கும் அந்தப் பக்கம் விழும் துளி புறவாசலுக்கும் போகிறதல்லவா, அதைப்போல மேட்டின் முதுகுதான் எல்லைக்கோடு. பஞ்சாயத்து எல்லையும் வார்டு எல்லையும் இதோடு ஒத்துப்போவதே இல்லை. பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சின்ன ஓடையின் நீர்ப்பிடிப்பு பெரிய ஆற்றின் நீர்ப்பிடிப்புக்குள் அடங்கும். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகம் பக்கத்தில் சேர்ந்து, குழித்துறைத் தாமிரபரணியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. வள்ளியாறு கடியபட்டணத்துக்குப் போகிறது, பழையாறு மணக்குடிப் பொழிமுகத்துக்கு (ஆறு கடலில் சேரும் இடம்) போகிறது. அரசுத் திட்டங்களில் ஏறத்தாழ 500 ஹெக்டேரை ஒரு சிறு நீர்ப்பிடிப்பு என்று கணக்கு வைப்பார்கள். ஊர் அளவில் தொடங்குபவர்களுக்கு அதுவும் பெரிது. ஒரே காலையில் நடந்து முடிக்கக்கூடிய 50 முதல் 200 ஹெக்டேர் வரை உள்ள ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் புத்தனணை வழியாகக் கால்வாய்களில் பிரிந்து, மலைமடிப்புகளைத் தாண்டி, வேறு ஆற்றுப் பக்கமுள்ள குளங்களுக்குப் போகிறது. 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு கால்வாயைப் பள்ளத்தாக்குக்கு மேலே 115 அடி உயரத்தில் தூக்கிக்கொண்டு போவதும் இதற்காகவே. ஆகவே நாஞ்சில் நாட்டுக் குளம் பலவற்றுக்கு இரண்டு நீர்ப்பிடிப்பு உண்டு: சுற்றியுள்ள மேட்டிலிருந்து ஓடை வழியாக வரும் சொந்த வரத்து ஒன்று, கால்வாய் வழியாக வரும் மலைத் தண்ணீர் இன்னொன்று. "கால்வாய்ல தண்ணி விட்டா குளம் நிறையும்" என்ற நினைப்பில் சொந்த வரத்தைக் கைவிட்ட குளங்கள் ஏராளம். கால்வாய் அடைக்கும் மாதங்களில் அவற்றின் கரையோரக் கிணறுகள் முதலில் வற்றும்.

ஏன் கூட்டு வேண்டும்?

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் ஓடையில் ஒரே ராத்திரியில் 50 மி.மீ. பெய்தால் 5 கோடி லிட்டர். நல்ல காட்டு நிலத்தில் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். கான்கிரீட் கூரையிலும் தார் ரோட்டிலும் பெரும்பகுதி ஓடிவிடும். ரப்பர் தோட்டமும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) விளையும் இந்த இரண்டுக்கும் நடுவில், அவற்றைப் பராமரிக்கும் விதத்தைப் பொறுத்து இருக்கின்றன.

மண்ணின் கணக்கையும் பாருங்கள். ஒரு ஹெக்டேர் சரிவில் ஒரு செ.மீ. மேல்மண் போனால் 100 கனமீட்டர். ஒரு டிராக்டருக்கு 3 கனமீட்டர் என்று வைத்தால் 33 நடை. தோட்டக்காரருக்கு ஒரு செ.மீ. போனது கண்ணில்கூடப் படாது. கீழே உள்ள குளத்துக்கு அது 33 நடைச் சேறு.

பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது. குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கத்து மேட்டில் தடுப்பு அமைக்க ஆகும் செலவும் இடமும் ஒருவருடையவை. அதனால் வரும் பலன் பல கிலோமீட்டர் கீழே கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லுக்குத் தண்ணீர் தேடும் இன்னொருவருக்கு. கடைசியில் பொழிமுகத்தில் மீன் பிடிப்பவருக்கும் பலன் உண்டு. ஆனால் மேட்டுக்காரரின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். சட்டம் போட்டு மேட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துவது ஓரளவுக்கு மேல் நடக்காது. இருவரையும் ஒரே வரைபடத்தின் முன்னால் உட்காரவைத்து, யார் என்ன செய்வார், பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கும் என்று பேசி முடிப்பதே வழி. நீர்ப்பிடிப்புக் கல்வி என்பது இந்தப் பேச்சுக்கு ஆட்களைத் தயார்செய்வது. பதாகை பிடித்துப் பேரணி போவது ஒருநாள் கூத்து. ஓடைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

முதல் பாடம்: ஓடையோரம் நடப்பது

பன்னிரண்டு பதினைந்து பேர் போதும். மேட்டுத் தோட்டக்காரர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இருவர், குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், கடைமடை விவசாயி, வார்டு உறுப்பினர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஆகியோர் கட்டாயம் இருக்க வேண்டும். பால்வெட்டுபவரை விட்டுவிடாதீர்கள். சரிவில் எந்த இடத்தில் மண் அரிக்கிறது, எந்த ஊற்று எந்த மாதம் நிற்கிறது என்பது தோட்ட உரிமையாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெட்டு நாளில் முற்பகல் வரை அவருக்கு ஓய்வு கிடையாது. பால் எடுத்துக் கொடுத்த பிறகு மதியத்துக்கு மேல் வைத்தால்தான் வருவார். மரத்தின் வெட்டுப்பட்டையில் மழை படாமல் மறைக்கும் மழைக்காப்பு கட்டாத தோட்டமென்றால் மழை நாளில் வெட்டு இருக்காது, அன்று வைக்கலாம்.

குளத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால் கிளை ஓடைகள் கண்ணில் படாமல் போய்விடும். கீழிருந்து ஏறும்போது ஓடை கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் "இது எங்கிருந்து வருது?" என்று நின்று கேட்டாக வேண்டும். கையில் 1:50,000 அளவுள்ள நிலவரைபடம் இருந்தால் நல்லது. அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். கோடுகள் மேட்டை நோக்கிக் கூர்மையாக வளையும் இடம் ஓடை, பள்ளத்தை நோக்கி வளையும் இடம் முதுகு. முதுகுகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் எல்லை கிடைக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரத்துச் சமநிலத்தில் இந்தக் கோடுகள் உதவாது. அங்கே மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு நடந்து, ரோட்டின் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது, எந்தக் கலுங்கு (ரோட்டடிச் சிறுபாலம்) வழியாகக் கடக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை: அரிப்பு விழுந்த இடம், புதிதாக ஜேசிபி வைத்து வெட்டிய தட்டு, வரத்து ஓடை குறுகும் இடம், ஓடையை விடக் குறுகலான குழாய் போட்ட ரோடு, கழிவுநீர் சேரும் இடம், ஊற்று. மறுநடவு நடக்கும் ரப்பர் நிலத்தைச் சிவப்பில் குறியுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, ஒரே காலத்தில் பல தோட்டங்கள் வெறுந்தரையானதைப் பார்த்தோம். பழைய மரத்தை வெட்டிய நாள் முதல் புதுமரத்தின் தலை கூடி நிழல் விழும்வரை உள்ள நாலைந்து ஆண்டுகளே மண் அதிகம் போகும் காலம்.

வீட்டுக்குத் திரும்பியதும் வருவாய்த்துறைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். கிராம 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு எந்தச் சர்வே எண், புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) அதன் அகலம் எவ்வளவு, தரையில் இப்போது எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் பிற்பாடு வாக்குவாதம் குறையும். ஆக்கிரமிப்பைக் கண்டதும் முதல் கூட்டத்திலேயே பேரைச் சொல்லிக் கிளப்பினால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். குளத்து ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைத் தாசில்தாரும் நீர்வளத்துறையும் பார்க்க வேண்டிய விதத்தில் தனியாகக் கொண்டுபோவது நல்லது.

சண்டையில்லாமல் உண்மை சொல்லும் பாட்டில்

"சேறு உன் தோட்டத்திலிருந்துதான் வருது" என்று சொன்னால் சண்டை வரும். அதையே ஒரு வரிசைப் பாட்டில் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. ஒரே மாதிரியான ஒரு லிட்டர் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை நாளில், ஒவ்வொரு கிளை ஓடையிலும் வெள்ளம் ஏறும்போது ஒன்று, உச்சத்தில் ஒன்று, வடியும்போது ஒன்று என்று மூன்று முறை நிரப்புங்கள். பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியில் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளை ஓடைக்கரைக்கு விடவே கூடாது. பாட்டிலில் இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஆடாத மேசையில் 24 மணி நேரம் வையுங்கள். அடியில் படிந்த சேற்றை ஸ்கேலால் மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒரு கிளையில் ஏறும்போது எடுத்த பாட்டிலையும் இன்னொரு கிளையில் வடியும்போது எடுத்த பாட்டிலையும் ஒப்பிட்டுவிடுவார்கள். ஏறும் வெள்ளத்தில்தான் சேறு அதிகம், எனவே அந்த ஒப்பீடு செல்லாது. இரண்டாவது, நம் செம்மண்ணின் நுண்களிமண் ஒரு நாளில் படியாது. மேலே தண்ணீர் செந்நிறமாகவே நிற்கும். அப்படியானால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவாக ஒரு சிட்டிகைப் படிகாரம் போட்டுக் கலக்கி வையுங்கள். ஒன்றில் போட்டு ஒன்றில் விட்டால் பயனில்லை. மூன்று நான்கு மழைக்குப் பிறகு எந்தக் கிளை அதிகம் கொண்டுவருகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். பாட்டில்களை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வரிசையாக வைத்தால் போதும், விளக்கம் சொல்லவே வேண்டாம்.

மழைமானி பள்ளியில் இருக்கட்டும். வாய் விட்டம் 10 செ.மீ. உள்ள புனலை ஒரு பாட்டிலில் பொருத்தினால், சேர்ந்த தண்ணீரில் 7.85 மி.லி.க்கு 1 மி.மீ. மழை. தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைத்தால் அளவு தப்பும். எந்தத் தடுப்பும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும். கிணற்று மட்டத்துக்குக் கைப்பிடிச்சுவரில் ஒரு பெயின்ட் குறி வைத்து, அங்கிருந்து தண்ணீர் வரை உள்ள ஆழத்தை மாதம் இருமுறை, காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். மேட்டில் மூன்று கிணறு, நடுவில் மூன்று, குளத்தடியில் மூன்று போதும். குமரியில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, பத்தடி தள்ளிக் கழிவறைத் தொட்டியும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டிலில் கிணற்றுநீரை ஊற்றி ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கலப்புக்கு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். மேட்டுக் குடும்பத்துக்கு நீர்ப்பிடிப்பு என்ற சொல்லில் ஈடுபாடு இல்லாவிட்டாலும் இந்தக் கறுத்த பாட்டிலில் இருக்கும். அங்கே பேச்சைத் தொடங்கலாம்.

மேட்டில் செய்யும் வேலைகள்

வேலை எப்போதும் மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே குளத்தைத் தூர்வாரிவிட்டு மேலே சரிவை விட்டால் சில பருவங்களில் பழையபடி ஆகிவிடும். ஆனால் குளம் தூர்வாருவது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், விழா வைக்கலாம். மேட்டில் கல் அடுக்குவதற்கு யாரும் விழா வைப்பதில்லை. அதனால்தான் பணம் எப்போதும் கீழிருந்தே செலவாகிறது.

சம மட்டம் குறிக்கக் கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். கண்ணாடிபோல உள்ளே தெரியும் பத்து மீட்டர் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் ஒரே அளவு குறித்த இரண்டு கம்புகளில் கட்டுங்கள். ஒருவர் நிற்க, மற்றவர் சரிவில் ஏறியும் இறங்கியும் இரண்டு கம்பிலும் தண்ணீர் ஒரே குறிக்கு வரும் இடத்தில் ஆப்பு அடிக்க வேண்டும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தாலோ, ஒருவர் முனையைக் கட்டைவிரலால் மூடியபடி அளவு பார்த்தாலோ மட்டம் தப்பிவிடும். தப்பிய மட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஒரு ஓரத்துக்கு ஓடி, அங்கே உடைத்துக்கொண்டு புதிய அரிப்பை உண்டாக்கும்.

ரப்பர் வரிசைகளுக்கு நடுவே சேற்றுக்குழி எடுப்பது பழக்கத்தில் உள்ள முறை. ஏறத்தாழ 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஒரு குழியில் 400 லிட்டர் நிற்கும். மேல் வரிசைக் குழிகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு நேராகக் கீழ் வரிசைக் குழி வர வேண்டும். எடுத்த மண்ணைக் குழியின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள், மேல்பக்கம் போட்டால் முதல் மழையிலேயே திரும்ப விழுந்துவிடும். மறுநடவு நிலத்தில் பியூராரியா, மியூக்குனா போன்ற மூடுபயிர் போடுவது குழியைவிடப் பலன் தரும். களைக்கொல்லியை நிலம் முழுக்க அடிக்காமல் மரத்தைச் சுற்றி மட்டும் களையெடுத்து, நடுவில் புல்லை வெட்டிப் போட்டாலே பாட்டில் சேறு குறைவதைப் பார்க்கலாம். அன்னாசி ஊடுபயிர் போடுபவர் சரிவுக்குக் குறுக்கே வரிசை வைக்க வேண்டும். மேலிருந்து கீழாக வைத்த வரிசை ஓடையாகவே மாறிவிடும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆழமான மண்ணுள்ள செங்குத்துச் சரிவில், அதுவும் கீழே வீடுகள் இருந்தால், தண்ணீர் தேக்கும் குழிகளை வெட்டவே கூடாது. ஊறிய மண் எடை கூடிச் சரிந்துவிடும். அங்கே தண்ணீரை நிறுத்தாமல் புல்லும் கல்லும் பதித்த வாய்க்காலில் பக்குவமாக இறக்கிவிடுவதே சரி. ஏற்கெனவே தரையில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் வேளாண் பொறியியல் துறை ஆட்களிடம் காட்டாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அரித்த சிற்றோடையில் கல்தடுப்பு கட்டும்போது உயரம் 60 செ.மீ. தாண்ட வேண்டாம். அடியில் 20 முதல் 30 செ.மீ. அடித்தளப் பள்ளம் தோண்டி, இரண்டு பக்கமும் கரைக்குள் அரை மீட்டர் கல்லைப் புகுத்த வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். கல்தடுப்பு பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் தோற்கிறது: ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று மேல்வரியை நேராகக் கட்டிவிடுவார்கள், தண்ணீர் ஓரமாகப் போய்க் கரையை அறுத்துக்கொண்டு தடுப்பை அந்தரத்தில் விட்டுவிடும். கீழ்ப்பக்கம் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கல் பரப்பாவிட்டால் விழும் தண்ணீர் அடியைத் தோண்டிவிடும். இரண்டு தடுப்புக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதற்குக் கணக்கு எளிது, உயரத்தைச் சரிவு விகிதத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. தடுப்பு, 10 சதவீதச் சரிவு என்றால் 6 மீட்டருக்கு ஒன்று.

வெட்டிவேர் எங்கேயும் வளரும் என்று கேள்விப்பட்டு, முதிர்ந்த ரப்பர் நிழலில் நட்டுவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. அதற்கு வெயில் வேண்டும். திறந்த கரையில், பத்துப் பதினைந்து செ.மீ.க்கு ஒரு தூர் என்று நெருக்கி நட்டால் வேலி பிடிக்கும். ஓடைக்கரையில் ஏற்கெனவே இருக்கும் கைதை என்ற தாழையையும் மூங்கிலையும் "சுத்தப்படுத்துகிறோம்" என்று வேரோடு பிடுங்குவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. அடுத்த மழைக்கே கரை விழும், பிறகு அங்கே கருங்கல் சுவர் கட்ட மதிப்பீடு போடுவார்கள்.

யார் யாரைச் சேர்ப்பது?

ஒரே ஓடைக்குப் பல சொந்தக்காரர்கள். உச்சியில் வனத்துறை, அதன் கீழே அரசு ரப்பர் கழகமும் தனியார் தோட்டங்களும், பிறகு சிறு விவசாயிகள். பெரிய குளம் நீர்வளத்துறையிடம், சின்னக் குளம் பஞ்சாயத்திடமோ பேரூராட்சியிடமோ, ரோட்டுக் கலுங்கு நெடுஞ்சாலைத்துறையிடம். நிலத்தின் பதிவு வருவாய்த்துறையில். முதல் மாதத்தில் செய்ய வேண்டிய காரியம், வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளர் யார் என்று எழுதுவது. இல்லாவிட்டால் ஒரு மனு ஆறு அலுவலகம் சுற்றி வந்து அங்கேயே நிற்கும்.

ரப்பர் விவசாயிகளிடம் நேரே போவதைவிட ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வழியாகப் போவது எளிது. ஏற்கெனவே மாதக்கூட்டம் உண்டு, ரப்பர் வாரியத்தின் மார்த்தாண்டம் அலுவலகத்தோடு தொடர்பும் உண்டு. நெல் விவசாயிக்குப் பாசன சங்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உள்ளன. பயிர் ஆலோசனைக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் கூட்டம், மற்றக் கிறிஸ்தவச் சபைகளின் அறிவிப்பு, கோயில் நிர்வாகம், ஜமாத் ஆகியவை இந்த மாவட்டத்தில் எந்த நோட்டீஸையும்விட வேகமாகச் செய்தியைக் கொண்டுபோகும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் "அது அவங்க வேலை" என்று முத்திரை விழும், பிறகு அதை அழிக்க முடியாது. மூன்று மதத்தார் பக்கத்திலும் ஒரே வாரத்தில் அறிவிப்பு போகட்டும்.

ஊராட்சியென்றால் கிராம சபையில் தீர்மானம் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று இந்தப் பேச்சுக்கு இடம் கிடைக்கும். "குளங்களைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். இன்ன சர்வே எண் ஓடையில், இத்தனை மீட்டர் நீளத்துக்கு, இன்ன வேலை, இன்ன மாதத்துக்குள் என்று எழுதிக்கொடுங்கள். ஆனால் நம் மாவட்டத்தில் பாதி ஊர்கள் பேரூராட்சிகளில் கிடக்கின்றன, அங்கே கிராம சபை கிடையாது. கவுன்சிலரைப் பிடித்து மன்றத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஒரே ஓடை ஒரு ஊராட்சியையும் ஒரு பேரூராட்சியையும் தொட்டால் இரண்டு இடத்திலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் வர வேண்டும்.

பணம் பற்றிச் சொல்வதானால், 2008-ல் வந்த நீர்ப்பிடிப்புத் திட்டப் பொது வழிகாட்டுதலில் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. மொத்தத்தில் 4 சதவீதம் ஊரின் நம்பிக்கையைப் பெறும் முதல் வேலைக்கு, 5 சதவீதம் பயிற்சிக்கு. தனியார் நிலத்தில் நடக்கும் மண், நீர் வேலைக்கு உரிமையாளர் 10 சதவீதம் தர வேண்டும். சிறு, குறு விவசாயிக்கும் பட்டியலினத்தாருக்கும் 5 சதவீதம். அந்தத் தொகை பிற்காலப் பராமரிப்பு நிதியாகச் சேரும். திட்டமே இல்லாத ஊரும் இந்த வழியைக் கடைப்பிடிக்கலாம். முதல் வேலையாக எல்லோருக்கும் பயன்படும் ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு ஊற்றைச் சுற்றிக் கட்டுவது, ஒரு குளிக்கடவைச் சீராக்குவது. உரிமையாளரிடமிருந்து பணமாகவோ உடலுழைப்பாகவோ சிறு பங்கு வாங்குங்கள். முழுக்க இலவசமாகக் கட்டிய தடுப்பில் ஒரு கல் உருண்டால் எடுத்துவைக்க ஆளிருக்காது.

மேட்டுக்காரருக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கும்? குளத்து வண்டல் நல்ல பேரப்பொருள். தாசில்தாரிடம் அனுமதி பெற்று விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்பது அரசு அறிவிப்புகளில் வந்த அளவு. தன் தோட்டத்திலிருந்து போன மண்ணே டிராக்டரில் திரும்பி வருகிறது என்றால் அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. கரையோரம் தோண்டினால் கரை பலமிழக்கும். மடை மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு வராது. அடிக்களிமண்ணை உடைத்தால் குளம் ஒழுகும். செங்கல்சூளைக்கு லோடு போகாமல் பார்க்க ஊர் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும். சுசீந்திரம், தேரூர் போன்ற பறவைக் குளங்களில் ஓரத்து ஆழமற்ற சேற்றுப் பகுதியை விட்டுவிட வேண்டும், நீள்கால் பறவைகளுக்கு இரை அங்கேதான். அந்த ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே எதைச் செய்வதானாலும் வனத்துறையோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

குளத்தின் தண்ணீர் மட்டத்தில் பெரிய சண்டை குத்தகையில் வரும். தாமரைக்கும் மீனுக்கும் ஏலம் எடுத்தவர் ஒரு மட்டம் கேட்பார், நெல்காரர் வேறு மட்டம் கேட்பார். மீன் பிடிக்கும் நேரத்தில் இரவோடு இரவாக மடை திறப்பதும், மிகுநீர் வழியும் மறுகாலில் பலகை அடைப்பதும் நடக்கும். இதை ஏலம் முடிந்த பிறகு பேசிப் பயனில்லை. ஏல அறிவிப்பு வரும் முன்பே, எந்த மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு மட்டம் நிற்க வேண்டும், மறுகாலைத் தொடக்கூடாது, மடைச்சாவி யாரிடம் இருக்கும் என்ற நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். மட்டத்தைக் காட்ட ஒரு அளவுக்கல் குளத்தில் நட்டுவிட்டால் வாய்ச்சண்டை பாதி குறையும்.

எல்லாம் பேசி முடித்ததும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த இடம், யார் நிலம், கல் யார் தருவது, கூலி யார் தருவது, மழைக்குப் பின் பழுது பார்ப்பது யார், மேட்டுக்காரருக்கு என்ன, எந்தத் தேதிக்குள் என்பவை அதில் இருந்தால் போதும். இரண்டு பக்கம் தாண்டினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

எந்த மாதம் எதற்கு?

வழக்கமாகக் கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். எனவே கால்வாய் வேலைக்கு மார்ச் முதல் மே வரைதான் காலம். மேட்டுக் கல்வேலை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிய வேண்டும், கோடை மழை சில வருடம் முந்திவிடும். நடவு வேலை ஜூன் முதல் மழையோடு. பாட்டில் சோதனை ஜூனிலும் அக்டோபரிலும், இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக. துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ராத்திரி இடியோடு கொட்டும் குணமுடையது, சேற்றை அதிகம் இறக்கும். இடவப்பாதியின் எண்ணை வைத்து அதை எடைபோட முடியாது.

ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு வாரத்துக்குள் நாலுபேர் ஒரு கம்பிப்பாரையும் இரண்டு மண்வெட்டியுமாக மேலே ஏறி, உருண்ட கல்லைத் தூக்கிவைத்து, நிறைந்த சேற்றுக்குழியை வாரி அந்த மண்ணை மரத்தடியில் போட்டு, இடத்தையும் தேதியையும் பள்ளியில் மழைக்கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்த நாலுபேரின் பெயரும் ஒப்பந்தத் தாளில் இருக்கட்டும். அதில் ஒருவராவது கடைமடைக்காரராக இருக்க வேண்டும்.